இரண்டு குரலுக்கும் ஒரே மைக்

தொண்டையில் செய்யவிருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் பேச்சு திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால்தான் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் மிக்கேலை அவர் மனைவி ரெக்ஸலின் மைக் கடைக்கு அழைத்து வந்திருந்தாள். ஏலக்கூடத்தில் அவர் கூவுவதும், வீட்டில் அவர் பேசுவதும் அதற்குமுன் போனில் பதிவாக வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னாள். முதலில் காட்டிய பெரிய மைக் மெல்லிய பேச்சை அழகாக வாங்கியது. உரக்கக் கூவியதும் கரகரத்தது. கடைக்காரர் கட்டைவிரல் அளவில் இன்னொன்றை எடுத்து அவள் போனில் செருகி, ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டார்.

"இதுல கூவிப் பாருங்கண்ணே."

மிக்கேல் நிமிர்ந்து நின்று, அங்கே இல்லாத ஒரு கூடை நெய்மீனை ஏலம் விட்டார். விலை ஏற ஏறக் குரலும் ஏறியது. எங்கும் பிசிறவில்லை. சார்ஜர் வாங்க வந்தவர்கள் திரும்பி நின்றார்கள். அவர்களில் ஒருவர் தன்னை மறந்து, "நான் நூறு கூட" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. மிக்கேல் அவருக்கே மூன்று தரம் சொல்லி ஏலத்தை முடித்தார்.

பிறகு மைக்கின் அருகே குனிந்து, வீட்டில் பேசுகிற குரலில் ஏதோ சொன்னார். அது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"ரெக்ஸி, பசிக்கி. சாப்பிட்டுட்டுப் போவமா?"

அவள் இரண்டு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."