வாழைப்பூப் போதிகை

"இதுக்கும் அதுக்கும் இன்னா வித்தியாசம்?"

அண்ணன் கோதண்டராமனின் குரல். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைச் செடி பிடுங்கும் ஆட்களோடு நிலத்தில் இருக்க வேண்டியவன், அண்ணாமலையார் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தான்.

பென்சில் கையிலிருந்து நழுவி உருண்டது.

கல்லூரிப் பாடத்துக்குத் தூண் வரையப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அர்ஜுனன் காத்திருந்தான். சாயரட்சை பூஜை மணி அடிக்கும் நேரத்துக்கு, நாங்கள் இருவரும் ஏறவேண்டிய பெங்களூர் பஸ்.

அர்ஜுனன் எங்கள் தெருக்காரன் இல்லை. அண்ணன் கண்ணில் பட்டால் உயிரோடு ஊர் போய்ச் சேரமாட்டான்.

நான் வராவிட்டாலும் நீ ஏறிவிடு என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மணி அடிக்கும்வரை அண்ணனை இங்கேயே பிடித்து வைத்தால் போதும். என் பாடு அப்புறம்.

சொல்ல ஆரம்பித்தேன்.

தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்குகிற கல்தான் போதிகை. தாளில் இருப்பது போன வாரம் வரைந்த சோழர் போதிகை. பூ கிடையாது, சரிவாக வெட்டி விட்டுவிடுவார்கள். மேலே பார், இது பின்னால் வந்த விஜயநகரத்து வேலை. வாழைப்பூ தலைகீழாகத் தொங்குகிறது. இவர்களுக்குக் கல்லைச் சும்மா விட மனசே வராது.

மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே பேசினேன்.

புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற அண்ணன், பெல்பாட்டம் கசங்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பூவுக்கு எத்தனை இதழ் என்று கேட்டான். யாளிக்கு எதற்குத் தும்பிக்கை என்று கேட்டான். நான் திணறியபோது அவனே அடுத்த தூணைக் காட்டினான்.

அண்ணாமலையார் கைவிடவில்லை என்று நினைத்தேன்.

சாயரட்சை மணி அடித்தது.

பஸ் கிளம்பியிருக்கும். இனி அவனைப் பார்க்க முடியாது. ஆனாலும் பிழைத்துக்கொண்டான். கண்ணில் நீர் முட்டியது, தாளைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"அவ்ளோதாண்ணா. வீட்டுக்குப் போலாம்."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. உருண்டு கிடந்த பென்சிலை எடுத்து, என் விரல்களைப் பிரித்து உள்ளே வைத்தான்.

"உக்காரு சந்திரா. அந்தத் தூணையும் சொல்லு. அப்பாவும் சித்தப்பாவும் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இன்னும் வரலை."