சமாதிக்குப் போன வெல்லம்

"தலைவர் சமாதிக்குப் போற லாரியில வெல்லத்துக்கு இன்னா வேலை, குப்பம்மா?"

கிளைச் செயலாளர் தணிகாசலம் கேட்டதும் லாரியே சிரித்தது. குப்பம்மாள் மடியிலிருந்த துணிப் பொட்டலத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

தலைவரின் நினைவு நாள் அந்த வருடம் தை அமாவாசையில் வந்துவிட்டது. காக்களூரில் வீட்டுக்கு ஓர் ஆள் சென்னைக்கு வந்தே ஆக வேண்டும் என்று தணிகாசலம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அமாவாசையில் திருவள்ளூர்ப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைவது போலவே உடம்பிலுள்ள நோயும் கரைந்து போகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இருட்டுவதற்குள் கரைத்துவிடுவதாகக் குப்பம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"யாருக்கு நோவு? உனக்கா, உன் பொண்ணுக்கா?"

"வேண்டியவங்களுக்கு நைனா."

"ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு. இப்பிடி ஆளாளுக்கு வெல்லம் போட்டா கொளத்து மீனுக்குத்தான் சக்கரை வியாதி வரும்."

மறுபடியும் சிரிப்பு. குப்பம்மாளும் கொஞ்சம் சிரித்துவைத்தாள். வெயில் ஏறியும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல், வேர்க்க வேர்க்க, மூட நம்பிக்கையைப் பற்றித் திருநின்றவூர் தாண்டும்வரை பேசினார் தணிகாசலம்.

கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சமாதியை மூன்று முறை சுற்றிவந்தார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். சமாதிமேல் கிடந்த பூவில் ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, வீட்டில் வைத்தால் நல்லது என்று பக்கத்திலிருந்த பூவராகவனிடம் சொன்னார். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. குப்பம்மாளும் தலைவரைப் புண்ணியவானென்று மனதாரக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு போட்டோக்காரருக்காகக் காத்திருந்தார்கள். தலைவர் பெயரைவிடத் தன் பெயர் பெரிதாக எழுதியிருந்த மலர்வளையத்தோடு தணிகாசலம் நின்றார். மணி மூன்றைத் தாண்டியது. கிளம்பலாமா என்று குப்பம்மாள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"அவ்ளோ அவசரம்னா இங்கியே கரையேன். எதிர்க்க எம்மாம் பெரிய கொளம் கீது பாரு" என்று கடலைக் காட்டினார்.

அவள் பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, டிரைவர் நாகமுத்து யாரையும் கேட்காமல் திருவள்ளூர்க் கோயில் தெருவில் லாரியை நிறுத்தினான். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. குப்பம்மாள் குதித்து இறங்கிக் குளத்துக்கு ஓடினாள். அவளைச் சீக்கிரம் கூட்டிவருவதாகச் சொல்லிக்கொண்டு தணிகாசலமும் பின்னாலேயே போனார்.

அமாவாசைக் கூட்டம் கலைந்திருந்தது. அவள் படியில் உட்கார்ந்து பொட்டலத்தை அவிழ்த்தாள்.

"காலைலேர்ந்து யாருன்னு சொல்லவே மாட்டேன்றியே. பெருமாளுக்காச்சும் பேரு சொல்லுவியா, இல்ல அவரே கண்டுபுடிச்சிக்கணுமா?"

குப்பம்மாள் திரும்பி லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பேருதான் நைனா. கை ரெண்டும் செரங்கு, ராத்திரி முச்சூடும் சொறிஞ்சிக்கினு தூங்காம கெடக்குறீங்கன்னு உங்க ஊட்டம்மா அழுதுக்கினே குடுத்தாங்க. அத்தினி பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்றது?"

தணிகாசலமும் ஒரு முறை லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டையை முழங்கைக்குமேல் சுருட்டிக்கொண்டு, "குடும்மா, நானே கரைக்கிறேன்" என்று படியில் இறங்கினார்.