இரண்டு கீபோர்டும் ஒரு டிரம்மரும்

"ரெண்டுல எதுடா நல்லா கீது? உன் காதுதான் நமக்குத் தராசு" என்றார் ராஜேந்திரன்.

தாவீது எதிரே இருந்த இரண்டு கீபோர்டுகளையும் மாறி மாறிப் பார்த்தான். மாமல்லபுரத்தில் ராஜேந்திரன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் எட்டு வருஷமாக டிரம்ஸ் அடிப்பவன் அவன். செங்கல்பட்டில் நைனா முகம்மதுவின் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. ராஜேந்திரன் பார்க்க வந்தது, தானாகவே தாளம் போடும் கீபோர்டு.

திருப்போரூர்க் குழு ஒன்று போன மாதம் இப்படி ஒன்றை வாங்கியது. மறுவாரமே அவர்களுடைய டிரம்மர் மீன் வண்டி ஓட்டப் போய்விட்டான். கல்யாணமாகிக் குடித்தனம் வைக்கப்போகிற நேரத்தில் தன் பிழைப்பிலும் மண் விழுந்ததே என்று நினைத்தான் தாவீது.

நைனா முகம்மது முதல் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டிய மாதிரி ஒரு தாளம் வந்தது.

இரண்டாவதை அமுக்கினார். தாவீதுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆள் உட்கார்ந்து அடிப்பது போலவே இருந்தது. பாவி மெஷின், ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் வெளுத்து வாங்கியது.

"மொதல்லதுதான் சூப்பரா கீது, அண்ணாத்த" என்றான் தாவீது, கொஞ்சமும் கூசாமல். "ரெண்டாவது சரியான பேஜாரு. ஊசிப்போன சாம்பார் மாரி கீது."

"இன்னா தம்பி, இப்டி சொல்லிட்டே?" நைனா முகம்மதுவின் முகம் வாடிவிட்டது.

"நெசந்தான் பாய். உயிரே இல்ல அதுல."

ராஜேந்திரன் கீழே பார்த்தார். தாவீதும் பார்த்தான். இரண்டாவது கீபோர்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அவனுடைய வலது கால் ஜோராகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"வாய் ஒண்ணு சொல்லுது, காலு வேற சொல்லுது. நான் காலையே நம்பறேன்" என்றார் ராஜேந்திரன். "பாய், இதையே எடுத்துக்கறோம்."

தாவீது அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்ப நான் இன்னா அண்ணாத்த பண்றது? எட்டு வருசமா உங்க கூடத்தான சுத்திக்கினு கீறேன்?"

"அதனாலதான்டா இது" என்ற ராஜேந்திரன், கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பாய், ஒரு நாளைக்கு வாடகை இன்னா ஆவும்?"

தாவீது விழித்தான். "ஒரு நாளைக்கா?"

"பின்ன? செலவாவும், கச்சேரி வேணாம்னு நீ சொல்லிட்டா, உன் கல்யாண ரிசப்ஷனுக்கு வாசிக்காம வுட்டுடுவமா?" ராஜேந்திரன் அவன் தோளில் கை போட்டார். "டிரம்ஸ்ல வேற எவனையாச்சும் உக்கார வெச்சா, நீ பொண்ண அம்போன்னு வுட்டுட்டு, மாலையோட எறங்கி வந்து அவன் கையில கீற குச்சியப் புடுங்கிக்குவியேடா."