மத்தியானக் கலவை

1972 பிப்ரவரி 9, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மத்தியானக் கலவை போட்டபோது பக்கத்தில் நிற்கவில்லை. மணல் லாரி வந்துவிட்டது என்று வாசலுக்குப் போய்விட்டேன். இனி கலவை போடும் இடத்தை விட்டு நகரக் கூடாது.

தினம் டைரியில் ஒரு தவறையாவது எழுதினால்தான் எம்பாருக்குத் தூக்கம் வரும்.

திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம் அவனுடையது. அதில் சிமெண்டைத் தொட்ட முதல் ஆள் அவன். பகலில் கான்ட்ராக்டர் ஆதிநாராயணனிடம் மேற்பார்வை. மாலையில் கட்டட வகுப்பு.

பழவேற்காட்டுப் பக்கத்து மணலில் உப்பு இருக்கும் என்று திருப்பி அனுப்பி, ஆற்று மணல் வரவழைத்தவன் அவன்தான். நாலு பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் என்று சுவரில் கரியால் எழுதி வைத்தவனும் அவன்தான்.

"செவுத்துல எழுதிட்டா கலவை படிச்சி தெரிஞ்சிக்குமா சாமி?" என்று மேஸ்திரி அருணகிரி கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மறுநாள் காலை, கவரைப்பேட்டைத் தொழிற்சாலையின் புதுக் கேன்டீனுக்குள் கால் வைத்தான். நேற்றுப் பதித்த தரைக்கல் நழுவியது.

தன் கால்தான் தவறியது என்று நினைத்தான். பக்கத்துக் கல்லை மிதித்தான். அதுவும் ஈரச் சோப்புப்போல் நகர்ந்தது.

குனிந்து ஒரு மொசைக் கல்லைப் பிடித்து இழுத்தான். சண்டை போடாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் கலவை நேற்றுக் கொட்டியபடியே மெத்தென்று கிடந்தது. விரலை வைத்தால் விரல் உள்ளே போனது.

உள்சுவரை ஒட்டி, முன்தினம் காலையில் பதித்த வரிசைகள் மட்டும் பாறையாக நின்றன.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

ஆதிநாராயணன் வந்து பார்த்தார். செருப்புக் காலால் ஒரு கல்லைத் தள்ளினார். அது போய் அடுத்த கல்லில் மோதியது. "இன்னாய்யா இது?" என்றார்.

எம்பார் வகுப்பில் பதில் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னான். "கார்த்தால போட்ட கலவை புடிச்சிருக்கு சார். மத்தியானம் போட்டது புடிக்கல. மணல் அதேதான், தண்ணியும் அதேதான். சிமெண்ட்தான் குறைஞ்சிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாரைப் போய்த் தைக்கும் என்று புரிந்தது. அரசு பர்மிட்டில் மட்டும் கிடைக்கும் சிமெண்டுக்கு வெளியே நல்ல கிராக்கி. கலவை போட்டவர் அருணகிரி.

"சிமெண்ட நான் இன்னா துன்னுட்டனா? மூட்டைய அவுத்து அப்டியேதான் கொட்னேன். சாமிய கேளுங்க!"

எல்லோரும் எம்பாரைப் பார்த்தார்கள்.

"நான் அப்போ அங்க இல்ல," என்றான். அது உண்மைதான்.

ஆதிநாராயணன் அருணகிரியின் பூச்சுக் கரண்டியையும் மட்டப்பலகையையும் பிடுங்கி அறையில் வைத்துப் பூட்டினார். "நாளைக்கு காலைல மூட்டை இங்க இருக்கணும். இல்லனா நேரா போலீசு."

அருணகிரி தண்டவாளத்து ஓரமாக நடந்து போனார். பிடிக்கக் கரண்டி இல்லாத கை, தோளில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டே போனது.

சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் எம்பார் இன்னொரு தரம் கேன்டீனுக்குள் எட்டிப் பார்த்தான். சித்தாள் குப்பம்மாள் துடைப்பத்தால் தரையை அடித்துக்கொண்டிருந்தாள்.

கல் இடுக்குகளில் எறும்பு. சாரை சாரையாக, பிடிக்காத வரிசைகளில் மட்டும்.

"சிமெண்டுல ஏதும்மா எறும்பு?"

"வாசனை கண்டு வந்துகினு கீது, சாமி." குப்பம்மாள் சிரித்தாள். "அன்னிக்கு சோறு துன்ற நேரத்துல புக்க படிச்சி சொன்னியே, வெல்லத் தண்ணி உட்டா கலவை நூறு வருசம் நிக்கும்னு? எங்கம்மாகூட தளம் போட சொல்லோ அப்டித்தான் உடும். அதான் நேத்து மத்தியானம் எங்கூட்லருந்து ரெண்டு மண்டை வெல்லம் கொண்டாந்து கலவைத் தண்ணி பீப்பாயில கரைச்சேன். அப்டியும் நிக்கல பாரு! அந்த பாவி மேஸ்திரி எவ்ளோ சிமெண்ட அடிச்சிருந்தா இப்டி ஆயிருக்கும்!"

எம்பார் குனிந்து கலவையைக் கிள்ளி முகர்ந்தான்.

அவன் அன்று படித்துக் காட்டியது சுண்ணாம்புக் கலவையைப் பற்றிய பாடம். அதில் சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சுண்ணாம்புக்கு மட்டும்தான் என்று அவர்களிடம் சொன்னானா? சொன்னதாக ஞாபகமே வரவில்லை.

மணல் அதே மணல். சிமெண்ட் அதே சிமெண்ட். கரண்டி பிடித்த கையும் அதே கை. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் வந்து சேர்ந்தது வெல்லம் மட்டும்தான். அதுதான் சிமெண்டை இறுகவிடவில்லை.

குப்பம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைத் தாழ்த்தினாள்.

"இன்னா சாமி, வெல்லம் பத்தலையா?"

அன்று அவன் வகுப்புக்குப் போகவில்லை. வாடகை அறையில் உட்கார்ந்து, பிப்ரவரி 10, வியாழன் என்று எழுதினான். 'குப்பம்மாள் வெல்லத்தைக் கரைத்ததால்' என்று தொடங்கினான். அடித்தான். 'பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால்' என்று எழுதினான். அதையும் அடித்தான்.

கடைசியில் அடிக்காமல் நின்றது இவ்வளவுதான்.

நாளைய வேலை: விடிந்ததும் ஆதிநாராயணன் சார் வீட்டுக்குப் போக வேண்டும். வெல்லம் போடச் சொன்னது நான் என்று சொல்ல வேண்டும். கரண்டியையும் மட்டப்பலகையையும் வாங்கி அருணகிரி மேஸ்திரியிடம் கொடுக்க வேண்டும். பிறகு கல்லைப் பெயர்க்க வேண்டும்.