பாதியில் நிற்கும் பாட்டு

மூன்றாவது தடவையாக அந்தக் கார் வந்து நின்றதைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மறுபடியுமா தம்பி?"

"மறுபடியும்தான் அண்ணே. ஸ்டீரியோ நல்லாப் பாடிக்கிட்டே வருது, திடீர்னு நின்னுடுது. அப்புறம் அதுக்கா மனசு வந்தா பாடுது."

ஃபியூஸ் மாற்றியாயிற்று. எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கியாயிற்று. போன தடவை ஸ்டீரியோவையே கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டியும் பார்த்தாயிற்று. வேதாளம் முருங்கை மரத்தை விட்டு இறங்குவதாக இல்லை.

பேசாமல் விட்டுவிடலாமே, உங்கப்பா இத்தனை வருஷம் இப்படியேதானே ஓட்டினார் என்றார் எலக்ட்ரீஷியன்.

"அதனாலதான் அண்ணே சரி பண்ணணும்" என்றான் மகன்.

அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் அவன் குரலில் துக்கத்தைவிடக் கோபம்தான் இருந்தது. அப்பா ஒரு கல்லுளிமங்கர். நாலு கேள்விக்கு ஒரு பதில் வரும். செலவு என்றால் எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டார். அம்மாவோ பாட்டுப் பைத்தியம். வெளியூரில் வேலை பார்த்த மகன் போன் பண்ணும்போதெல்லாம், "இன்னிக்கும் பாதியில நின்னுடுச்சுடா" என்பாள். ஒரு ஸ்டீரியோவைச் சரிபண்ணித் தரக்கூட அந்த மனுஷருக்கு மனசு வரவில்லை.

இப்போது அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. கேட்டால் மட்டும் பேசுகிறாள். சாயங்காலம் காரில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டால் மட்டும் அவள் விரல்கள் மடிமேல் தாளம் போடும். அந்தத் தாளத்துக்காகத்தான் அவன் தினமும் வண்டியை எடுக்கிறான். பாட்டு நின்றதும் விரல்களும் நின்றுவிடும். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எலக்ட்ரீஷியன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு வந்தார். பாட்டு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பிறகு மகன் ஓட்டினான். முதல் வளைவு தாண்டியதுமே நின்றது.

"நான் ஓட்டினா பாடுது, நீங்க ஓட்டினா படுத்துக்குது. அதுக்கு உங்க மேல என்ன காண்டு?" என்று சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "தம்பி, அந்த இடது காலை எங்க வெச்சிருக்கீங்க?"

கிளட்சை விட்டதும் இடது காலை அதன் பக்கத்து மூலையில் நீட்டிக்கொள்வது அவன் பழக்கம். அப்பாவுக்கும் அதே பழக்கம்தான்.

வண்டியை ஓரமாக நிறுத்திக் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்விட்ச். ஒருமுறை மிதித்தால் ஸ்டீரியோவுக்குக் கரண்ட் நிற்கும், இன்னொருமுறை மிதித்தால் வரும். வேலை தெரியாத கை சுற்றிய டேப், உருண்டை உருண்டையாக இருந்தது.

"இது கோளாறு இல்ல தம்பி. உங்கப்பா கைவேலை. பிடுங்கிடட்டுமா?"

மகன் அந்த ஸ்விட்சையே முறைத்துப் பார்த்தான். செலவுக்குப் பயந்த மனுஷர் என்று நினைத்திருந்தான். இல்லை, வேண்டுமென்றே செய்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாகக் கேட்டவளின் பாட்டைக் காலால் மிதித்து நிறுத்தியிருக்கிறார். அதையும் திருட்டுத்தனமாக.

"இருக்கட்டும் அண்ணே" என்றான். அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. இப்படி ஒருவருக்காகவா பட்டினி கிடக்கிறாய் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் அம்மா வண்டியில் ஏறினாள். பாட்டு ஓடியது, விரல்கள் தாளம் போட்டன. அவள் முகத்தைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்தான்.

"அப்பா ஓட்டும்போது இது நின்னுபோனா நீ என்னம்மா பண்ணுவே?"

"என்ன பண்றது. மீதியை நானே பாடுவேன்."

"நீயா? நீ பாடி நான் கேட்டதே இல்லையே."

"கல்யாணமான புதுசுல உங்க தாத்தா, இந்த வீட்டுல பாட்டெல்லாம் வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னார். அன்னிக்கு மூடின வாய். அவர் போனப்புறமும் வீட்டுக்குள்ள பாட வரல. வண்டியில யார் இருக்கா? நல்ல பாட்டு பாதியில நின்னா தொண்டை சும்மா இருக்குமா?"

"அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"நல்லாருக்குன்னும் சொன்னதில்லை, நிறுத்துன்னும் சொன்னதில்லை. ரோட்டையே பார்த்துக்கிட்டு மெதுவா ஓட்டுவார். நான் பாடி முடிச்சப்புறம் ரேடியோ தானா வந்துடும். ஒருநாள்கூட நடுவுல வந்து என் பாட்டைக் கெடுத்ததில்லை."

அப்பாவைக் காலையிலிருந்து என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கூசிப்போனான். சாலையைப் பார்த்துக்கொண்டே இடது காலை மூலைக்கு நகர்த்தி, மிதித்தான்.

பாட்டு நின்றது.

வண்டிக்குள் டயர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் வேகத்தைக் குறைத்தான். அம்மாவின் உதடுகள் லேசாகப் பிரிந்தன. அவன் காத்திருந்தான்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதை மறுபடி மிதிச்சுடுப்பா, ரேடியோவே பாடட்டும். உங்கப்பா நிறுத்தினாத்தான் எனக்குப் பாட வரும்."