கொடும்பாவிக்கு ஒரு கட்டு வைக்கோல்

"எரிக்கிறதுக்கா? அதுக்குத் தர்றதுக்கில்ல," என்றார் ஜினசேனன் நயினார்.

பெரியதம்பி நகரவில்லை. நயினாருக்குப் பின்னால் வைக்கோல் போர் நின்றது. அந்த எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தில் செஞ்சிப் பக்கம் போர் என்று சொல்ல அது ஒன்றுதான் பாக்கி.

"ஒரே ஒரு கட்டு நயினாரே. மழைய மறிக்கிற பாவி எவனோ ஊர்ல இருக்கான். கொடும்பாவி கட்டி இழுத்து எரிச்சாத்தான் எறங்கும்."

"வைக்கோலு வாயில்லா ஜீவனுக்குப்பா." உள்ளே போய்விட்டார்.

வருஷக்கணக்காய் மழை பொய்த்து, மல்லாட்டைச் செடி கடலை பிடிக்காமல் கருகி, ஊர் மாட்டில் பாதி அனந்தபுரம் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போயாயிற்று. பெரியதம்பியின் உழவுமாடு இரண்டும் இன்னும் நிற்பது மண்டகப்பட்டு மச்சான் புண்ணியம். பொழுது விடிந்தால் கொட்டகையில் ஒரு கட்டு கிடக்கும். மனைவி மங்கையின் அண்ணன் அனுப்புவது. மாடு விழுந்துவிட்டால், நாளைக்கு மழையே வந்தாலும் ஏர் பூட்ட வழியில்லை.

ஆனாலும் ரோஷம் யாரை விட்டது. அன்றைக்கு வந்த கட்டைத் தூக்கிவந்து தெருவில் போட்டான்.

"எங்க மச்சான் குடுத்தது. ஒரு நாளு மாடு பட்டினி கெடந்தா கெடக்கட்டும். நயினார் மாதிரி நான் கஞ்சனா?"

பொம்மை தயாரானது.

"யாரு மூஞ்சிய வரையறது?" என்றான் பொம்மை கட்டிய தனசேகரன்.

"மூக்குக் கண்ணாடி மட்டும் வரை. ஊருக்குப் புரியும்," என்றான் பெரியதம்பி.

தப்படித்து, மாரடித்து, தெருத்தெருவாய் இழுத்தார்கள். நயினார் வாசலில் ஒப்பாரி கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்கள்.

நயினார் வெளியே வந்தார். தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பொம்மையின் முகத்தை அல்ல, வயிற்றில் பிதுங்கிய வைக்கோலை.

"பெரியதம்பி, மாடு இன்னிக்கி தின்னுச்சா?"

"அது உங்களுக்கு இன்னாத்துக்கு?"

ஏரிக்குள்ளேயே வைத்து எரித்தார்கள். தண்ணீர் இருந்தால்தானே தடுக்க. வானம் வெள்ளைவெளேரென்று பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் மங்கை கொட்டகை வாசலில் நின்றாள். "கட்டு எங்க?"

"ஊருக்குக் குடுத்துட்டேன். விடிஞ்சா உங்கண்ணன் அனுப்பப் போறான்."

"எங்கண்ணனா? அவனே இருந்த மாட்ட வித்துட்டு பெங்களூர்ல மண்ணு சுமக்குறான்."

"அப்ப இத்தினி நாளு வந்த வைக்கோலு?"

மங்கை மாட்டின் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நயினார் போர்லருந்து நான் தூக்கியாந்தது. 'அவன் ரோஷக்காரன், என் பேரச் சொன்னா வாங்க மாட்டான், உங்கண்ணன் பேரச் சொல்லிடும்மா'ன்னாரு."