விரிசல் விட்ட மூசையும் இரண்டு பேரேடுகளும்

பேரேடுகளுக்கு வாய் இருந்த காலம் அது. பொய் என்றால் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகக் கம்பெனிகள் பாதிக்குப் பாதி சேர்ந்து ஓர் உருக்காலை நடத்தின. அங்கே நிக்கல் உருக்கும் பாத்திரமான மூசைக்கு அடிவயிற்றில் விரிசல் விட்டது.

மூசை முதலில் ஒரு கம்பெனியின் சிவப்புப் பேரேட்டிடம் போனது. "அண்ணாச்சி, இன்னொரு தடவை உருக்கினா தாங்கமாட்டேன். செலவை நீங்க எழுதிக்கிட்டா, என்னை இறக்கிட்டு வேற மூசை வைப்பாங்க."

"இந்த ஆலைக்கு எங்கிட்ட 'கூட்டு ஆலையில் பங்கு'ன்னு ஒரே வரிதான் இருக்கு. அதுல உன் வயித்தை எங்கப்பா தேடுறது? நீலத்தைக் கேளு."

அடுத்த கம்பெனியின் நீலப் பேரேடு சிரித்தது. "எனக்கும் ஒரே வரிதான். அதுவும் பாதிப் பங்கு. உன் விரிசல் எந்தப் பாதியில இருக்கு?"

"நட்டநடுவுல, அண்ணாச்சி."

"அப்ப ரொம்பக் கஷ்டம்."

மூசை திரும்பி வந்து உலையில் உட்கார்ந்தது. அன்று மத்தியானமே வெடித்தது. கொதிக்கிற நிக்கல் தரையெல்லாம் ஓடியது.

சாயங்காலம் ஏடுகள் இரண்டும் தங்கள் தங்கள் வரியைத் தடவிப் பார்த்துக்கொண்டன.

"உடைஞ்சது யாருங்க?" என்றது சிவப்பு.

"நம்ம ஏட்டுல அப்படி யாரும் இல்லையே" என்றது நீலம்.

"நல்லவேளை" என்று சொல்லி இரண்டும் மூடிக்கொண்டன. உலையடியில் மூசையின் ஓடுகள் இன்னும் சிவந்து கிடந்தன.